பின்னணி இசைக்கும் ஒரு பதிப்பு வேண்டும்

வையை பாயும் இந்நகரில் தமிழ் பயிலும் எமக்குப் பரிபாடலைக் கையில் எடுக்குந்தோறும் ஒரு துயரம் எழுவது வழக்கம். எழுபது பாடல்களைக் கொண்டிருந்த அந்நூலில் இன்று முழுமையாகக் கிடைப்பன 22 பாடல்களே. அத்துயரம் ஒருபுறம் கிடக்க, அதனினும் பெரிய துயரம் ஒன்றுண்டு. கிடைத்த பாடல்கள் பலவற்றின் இறுதியில் பழையோர் குறிப்பொன்று எழுதிவைத்துள்ளனர். பாட்டை இயற்றியவர் இன்னார், அதற்கு இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்று அக்குறிப்புக் கூறுகின்றது. வையையைப் பாடும் ஆறாம் பாட்டை இயற்றியவர் ஆசிரியன் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ். புலவர் பெயர் உண்டு, பாட்டு உண்டு, பண்ணின் பெயரும் உண்டு. ஆனால் நல்லச்சுதனார் வகுத்த இசை எங்கே? அது போயிற்று, இனி வாராது.

இசை காற்றிற் பிறந்து காற்றில் மறைவது. அதனைப் பிடித்து வைக்கும் கருவி அக்காலத்தில் இல்லை. ஆதலின் நம் முன்னோரைக் குறைகூறுதல் தகாது. இசை வகுத்தவர் பெயரையேனும் மறவாது எழுதிவைத்தனரே என்று அவர்க்கு நன்றி கூறுதலே முறை. ஆனால், கருவிகள் எல்லாம் கைவந்த காலத்தே வாழும் நாம், நம் கண்முன்னரே ஓர் இசைச்செல்வம் கரைந்து போவதைக் கண்டும் வாளாவிருப்போமாயின், நமக்குப் பின்வருவோர் நம்மை என்னென்பர்?

யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது பழைய தமிழ்த் திரைப்படங்களின் பின்னணி இசையைப் பற்றியதாகும். கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருத்தல் கூடும். அவர்கட்கு யாம் கூறுவது ஒன்றே. கூத்தும் இசையும் இயலோடு ஒத்த தமிழே என்று வகுப்பறையில் ஓதிவிட்டு, வெளியே வந்தவுடன் அவ்விரண்டையும் தாழ்ந்தவை என்று தள்ளுதல் முறையாகாது. நம் பாட்டனார் காலத்து இசையைப் பேணாத நாம், நல்லச்சுதனார் இசையை நினைந்து வருந்துவது வெறும் நடிப்பேயாம்.

பழைய படமொன்றின் இசை என்றவுடன் நம்மவர்க்கு நினைவு வருவன பாடல்களே. பாடல்கள் இசைத்தட்டில் வந்தன, வானொலியில் ஒலித்தன, இன்று கைப்பேசியில் கிடைக்கின்றன. ஆனால் படத்தில் இசை பாடலோடு முடிவதில்லை. தாய் மகனைக் கைவிடும்போதும், வீரன் களம் புகும்போதும், பேச்சடங்கிய நிலையில் இருவர் ஒருவரையொருவர் நோக்கும்போதும், சொல்லாற் கூறவியலாததைக் கூறும் இசை ஒன்று அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனையே பின்னணி இசை என்கிறோம். அவ்விசை தனித்தட்டில் இடம்பெறாமைக்குத் தொடக்கத்தில் ஒரு காரணம் இருந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். படத்தில் நீண்டு ஒலித்த பாட்டே தட்டிற் குறுகியபோது, பாட்டல்லாத இசைக்கு இடம் ஏது? பின்னர் நெடுந்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது, எழுபது நிமிடத்திற்கு மேலும் கொள்ளும் குறுந்தகடு வந்தது. இன்றோ இடத்திற்கு எல்லையே இல்லை. புகழ்பெற்ற படங்களின் வசனங்கூடத் தொகுதியாக வெளிவந்து விலைபோயிற்று. இடம் பெருகியும் வழக்கம் பெரிதும் மாறவில்லை. பாட்டும் பேச்சும் சரக்காயின. பின்னணி இசை மட்டும் படச்சுருளின் ஓரத்திலேயே ஒட்டிக்கிடந்து, சுருள் நைந்தபோது தானும் நைந்தது.

இது கற்பனையன்று என்பதற்குச் சான்றாகக் 'கர்ணன்' படத்தின் வரலாற்றைக் கூறுவோம். பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படம் 1964-ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்தது. சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என். டி. ராமராவ் கண்ணனாகவும் நடித்தனர். இசை, விசுவநாதன் - ராமமூர்த்தி இருவருடையது. பாடியோருள் ஒருவரான டி. எம். சௌந்தரராஜன் இம்மதுரையிற் பிறந்தவர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில் வடபுலத்து இராகங்களும் கருவிகளும் நம் இசையோடு கலந்து, அரண்மனையும் போர்க்களமும் நம் செவிக்குள்ளேயே எழுப்பப்பெற்றன.

ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழிந்தபின், படத்தைப் புதுப்பிக்க முயன்ற விநியோகஸ்தர் சொக்கலிங்கம், மூலப் படச்சுருள் பழுதுற்றிருக்கக் கண்டார். சென்னையில் மூன்றாண்டுக் காலம் உழைத்துப் படம் செப்பனிடப்பெற்றது. ஒலித்தடத்திலோ சில பகுதிகள் முற்றும் அழிந்திருந்தன. ஆகவே பின்னணி இசை, பழைய அமைப்புக் கெடாத வண்ணம், மீண்டும் வாசித்துப் பதிவு செய்யப்பெற்றது. 2012-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் தமிழ்நாடெங்கும் 72 திரைகளில் படம் வெளிவந்து, சென்னையில் நூறு நாட்களையும் கடந்து ஓடிற்று. நாற்பத்தெட்டு ஆண்டுப் பழமையுடைய படத்தைக் காண இளைஞரும் திரண்டனர். பழையதைப் பேணினால் வாங்குவார் யார் என்று கேட்போர்க்கு இதுவே விடையாகும்.

இம்முயற்சியை யாம் மனமாரப் போற்றுகிறோம். எனினும் ஒரு குறை எஞ்சுகின்றது. இன்று படத்தைக் கேட்கும் நமக்கு, எவ்விசை 1964-இல் வாசித்தது, எவ்விசை பின்னர் வாசித்தது என்பது விளங்குவதில்லை. கொட்டகையில் அமர்ந்து படம் காண்போர்க்கு அது விளங்காதிருத்தலே நன்று. தையல் தெரியாத ஆடையே நல்லாடை. ஆனால் இசையை இசையாகக் கேட்கவும் கற்கவும் விரும்புவோர்க்கு அது போதாது. அவர்க்கெனப் பின்னணி இசையைத் தனியே செப்பனிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து விரித்து, ஓர் இசைத்தொகுதியாக வெளியிடுதல் வேண்டும். யாம் தேடிய அளவில் அத்தகைய தொகுதியைக் கண்டிலோம். 2012-இல் படம் மீண்டும் வெளிவந்தபோது இசையமைத்த இருவரும் உயிரோடிருந்தனர். ராமமூர்த்தி 2013-இலும் விசுவநாதன் 2015-இலும் மறைந்தனர். இவ்விடத்தில் நீர் கருதியது யாது என்று அவர்களை வினவும் வாய்ப்பு இனி எவர்க்கும் இல்லை.

சென்ற பருவத்தில் யாம் மூவர் ஒரு சிறுமுயற்சி செய்தோம். ஒருவர் எம் ஆலயப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஒருவர் வயலின் பயில்பவர். மூன்றாமவர்க்கு எழுதுகோல் ஒன்றே கருவி. 'கர்ணன்' படத்தில் ஒரு காட்சியைத் தெரிந்துகொண்டு, அதன் பின்னணி இசையைச் செவியாற் கேட்டு எழுத முயன்றோம். நான்கு மாலைப்பொழுதுகள் கழிந்தன. சிவாஜி கணேசனின் குரல் எழுந்தவுடன் இசை அக்குரலின் அடியில் மறைந்துவிடும். எத்தனை முறை கேட்டும் பயனில்லை. வயலின் என்று ஒருவர் கூறியதைச் சாரங்கி என்றார் மற்றவர். முடிவில் எம் தாளில் நின்றது நாற்பது நொடி இசையே. அந்நாற்பது நொடிக்குள்ளும் ஐயக்குறி இட்ட இடங்கள் ஏழு.

அவ்விசையை விடுதி முற்றத்தில் வாசித்துப் பார்த்தபோது எம் நண்பர் ஒருவர் நகைத்தார். "படத்திற்காகப் பிறந்த இசை படத்தைவிட்டுப் பிரிந்தால் உயிரற்ற உடலே, அதனைத் தொகுதியாக்கி என் செய்வது?" என்பது அவர் கேள்வி. யாம் விடை கூறுமுன், அடுக்களையிலிருந்து வெளியே வந்த பெரியவர், கையைத் துண்டில் துடைத்தபடி நின்று கேட்டு, "தம்பி, இது கர்ணன் படத்து மியூசிக் அல்லவா?" என்றார். பாட்டில்லை, பேச்சில்லை, படமுமில்லை. சிறுவயதில் மதுரைக் கொட்டகையொன்றில் கேட்ட இசையை, எம் குறைவாசிப்பிலும் அவர் செவி அறிந்துகொண்டது. உயிரற்ற உடலை எவரும் அங்ஙனம் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

பிற நாட்டார் இதனை நெடுநாள் முன்னரே உணர்ந்தனர். 1942-இல் 'ஜங்கிள் புக்' என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் நடித்த சாபு மைசூர்ச் சீமையிற் பிறந்தவர். இசை வகுத்த மிக்லோஷ் ரோஜா அங்கேரி நாட்டினர். அப்படத்தின் பின்னணி இசை, சாபு கதை சொல்ல, இசைத்தட்டுத் தொகுதியாக வெளிவந்தது. அமெரிக்கப் படமொன்றின் பின்னணி இசை அவ்வாறு வெளிவந்தமைக்கு அதனையே முதற் சான்றாகக் கூறுவர். அந்நாட்டிலேயே இதற்கு மாறான செயலும் நிகழ்ந்தது. எம்.ஜி.எம். என்னும் பெரிய படநிறுவனத்தின் இசைக் கையெழுத்துத் தாள்கள், 1970-ஆம் ஆண்டையொட்டி, வேண்டாத பொருள்களாகக் குப்பைமேட்டிற் கொட்டப்பெற்றன. பின்னாளில் ஜான் வில்சன் என்னும் ஆங்கில இசைஞர், படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு கருவியின் பகுதியையும் செவியாலேயே மீட்டெழுதினார். 2009-இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவ்விசை முழுக் குழுவினரால் வாசிக்கப்பெற்றது. எம் மூவரின் நாற்பது நொடியை நினைக்கும்போதுதான் அவ்வொருவரின் உழைப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்குகின்றது.

மீட்பது நன்று என்பதை ஒப்புக்கொண்டபின், எங்ஙனம் மீட்பது என்னும் வினா எழுகின்றது. இங்கேதான் தமிழ் பயில்வோர் கூறத்தக்கது ஒன்றுண்டு என்று கருதுகிறோம். ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டார். புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் கிடைத்தில. 1904-இல் அவர் வெளியிட்ட பதிற்றுப்பத்திலும் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. தமிழிற் பெரும்புலவராகிய அவர் எண்ணியிருந்தால், அவ்விடங்களில் தாமே பாட்டு இயற்றி நிரப்பியிருத்தல் கூடாதா? அங்ஙனம் செய்திலர். இடைவெளியை இடைவெளியாகவே விட்டார். பாடவேறுபாடுகளைக் கீழே காட்டினார். இல்லாததை இல்லை என்று கூறிய அந்நேர்மையினாலேயே, உள்ளதை உண்டு என்று அவர் கூறியதை நாம் நம்புகிறோம்.

இசைப் பதிப்பும் இந்நெறியினதாதல் வேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் விடுபட்ட அடியைப் புள்ளியிட்டுக் காட்டலாம். இசையில் இடையே மௌனத்தை விட்டால் கேட்போர்க்கு ஓட்டம் முறியும். ஆதலின் அழிந்த இடத்தில் இன்றைய இசைஞர் வாசித்து நிரப்புதலை யாம் குற்றமென்று கூறோம். நிரப்பியதை மறைத்தலே குற்றம். தொகுதியின் முதற்பகுதியில் பழைய ஒலிப்பதிவு கிடைத்த அளவிலேயே நிற்க வேண்டும். தேய்வும் இரைச்சலும் சிறிது இருப்பினும் இருக்கட்டும். இரண்டாம் பகுதியில் இன்றைய இசைஞர் முழுமையாக வாசித்தது இடம்பெறலாம். எந்நிமிடம் பழையது, எந்நிமிடம் புதியது, எவ்விடம் ஊகம் என்று உடன்வரும் ஏட்டில் அச்சிடல் வேண்டும். இசைத்தவர் பெயர்களும் வேண்டும். மெல்லிசை மன்னர்கட்கு உதவியாக நின்ற கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்றோரையே நம்மில் அறிந்தவர் சிலர். அக்குழுவில் குழலும் யாழும் முழவும் இசைத்தோரை அறிந்தவர் அதனினும் சிலர். பரிபாடற் காலத்தார் இசை வகுத்தவர் பெயரைப் பேணினர். நாம் இசையைப் பேணிப் பெயரை இழப்பது நன்றோ?

பேச்சின் அடியில் மறைந்த இசையைப் பிரித்தெடுக்க இயலுமோ என்று ஐயுறுவார்க்கு இக்காலக் கணிப்பொறி ஒரு வழி காட்டியுள்ளது. ஆங்கில நாட்டுப் பீட்டில்ஸ் குழுவினருள் ஒருவரான ஜான் லெனன், பியானோவோடு பாடி ஒரே நாடாவிற் பதிந்து வைத்த பழைய பாட்டொன்றிலிருந்து அவர் குரல் மட்டும் பிரித்தெடுக்கப்பெற்று, 2023-இல் 'நவ் அண்ட் தென்' என்னும் பெயரால் வெளிவந்தது. குரலைப் பிரித்த பொறி, குரலின் அடியிற் கிடக்கும் இசையையும் பிரிக்க வல்லதே. எம் ஏழு ஐயக்குறிகளிற் சில அதனால் நீங்கலாம். ஆயினும் பொறிக்கு நாணமில்லை. கேளாத ஒலியையும் கேட்டதாகக் காட்டிவிடும். இரைச்சலை நீக்கும் ஆர்வத்தில் குழலூதுவோன் மூச்சையும் நீக்கிவிடும். பொறி தந்ததைச் செவியுடையார் ஒருவர் அமர்ந்து சரிபார்த்தல் இன்றியமையாதது.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் உள்ள உரிமை, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபதாண்டு நிற்கும். அவ்வகையில் 1964-இல் வெளிவந்தவற்றின் காலம் 2024-ஆம் ஆண்டோடு நிறைவுற்றது. இசையாகிய படைப்பின் உரிமையோ, படைத்தவர் மறைந்த பின்னும் அறுபதாண்டு தொடரும். ஆகவே உரியவரைக் கேளாது எவரும் எடுத்து விற்றல் அறமன்று. ஆனால் உரியவர் எவர் என்று தேடும் காலத்திற்குள் நாடா மட்கிவிடுதலும் அறமன்று. புனே நகரில் தேசியத் திரைப்படக் காப்பகம் நிறுவப்பெற்றதும் 'கர்ணன்' வெளிவந்த அதே 1964-இல்தான். படச்சுருளுக்குக் காப்பகம் கண்ட நாடு, இசைத்தாளுக்கும் இசைநாடாவிற்கும் நம் தமிழகத்திலேயே ஓரிடம் காணுதல் அரிதன்று. பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திற் பிறந்து 1976-இல் 'அன்னக்கிளி' வழியே அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தம் கையால் மேனாட்டு இசைக்குறியில் எழுதும் வழக்கமுடையவர். அத்தகைய தாள்கள் நம் காலத்து ஏட்டுச்சுவடிகள் அல்லவா? அவை கறையானுக்கு இரையானபின் செவியால் மீட்டெழுத நமக்கு எத்தனை ஜான் வில்சன்கள் கிடைப்பர்?

பெரியோர் செய்யத்தக்கதைக் கூறினோம். எம்மனோர் செய்யத்தக்கது யாது? இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்கள் இல்லங்களின் பரண்மேல் இசைத்தட்டும் ஒலிநாடாவும் பாட்டுப் புத்தகமும் கிடக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன் கல்லூரி நூலகத்தை ஒருமுறை நினையுங்கள். உங்கள் உறவினருள் எவரேனும் படப்பிடிப்பு நிலையங்களில் வயலினோ குழலோ தபலாவோ வாசித்தவராயின், அவர் நினைவில் உள்ளதை எழுதி அனுப்புங்கள். முதியவராயின் யாமே வந்து எழுதிக்கொள்வோம். உடன்பயிலும் நண்பர்களே, எம் நாற்பது நொடித் தாளை நூலகத்தில் வைத்திருக்கிறோம். அதிற் பிழையுண்டேல் திருத்துங்கள். நாற்பத்தொன்றாம் நொடியை நீங்கள் எழுதுங்கள்.

ஐயாயிரவர் உண்டு நிறைந்த பின்னரும், எஞ்சிய துணிக்கைகள் பன்னிரண்டு கூடைகளிற் சேர்க்கப்பெற்ற வரலாற்றை எம் ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கிறோம். உணவு பெருகிய நாளில் துணிக்கைக்கு என்ன மதிப்பு என்று அன்று எவரும் வினவவில்லை. நம் நாட்டில் இசைக்கும் பஞ்சமில்லை. நாள்தோறும் புதியது பிறக்கின்றது. அதுபற்றியே பழைய துணிக்கைகளைச் சிந்தவிடுதல் கூடாது. இருநூறு ஆண்டு கழித்து இவ்வையைக் கரையில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர், இசை வகுத்தவர் விசுவநாதன், ராமமூர்த்தி என்னும் குறிப்பைக் கண்டு, அவ்விசை எங்கே என்று ஏங்காமல், அதனைக் கேட்டு மகிழ்வாராக. அதற்குரிய பணியை இன்றே தொடங்குவோமாக.